செப்பனிடும் கை யாருடையது?

சிறுகதை ஒன்று அச்சேறுமுன் எத்தனை முறை எழுதப்பெற்றது என்னும் வினாவை நம் ஆய்வுகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கருப்பொருள், பாத்திரப் படைப்பு, சமுதாயச் சித்திரிப்பு எனப் பகுத்து ஆராயும் நாம், நூலில் காணும் வடிவத்தையே கதையின் ஒரே வடிவமாகக் கொண்டுவிடுகிறோம். ஆயினும் இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் திருத்தம் என்பது ஓரத்துச் செய்தியன்று. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு', புதிதாக எழுத வந்தோர்க்குக் கதையின் அமைப்பைக் கற்பித்தது. பின்னர் அதே நாளிதழில் பணியாற்றி 1957இல் தமிழகம் திரும்பிய கு. அழகிரிசாமி, இங்கிருந்த காலத்தில் 'இலக்கிய வட்டம்' கூட்டினார். எழுதியவர் அல்லாத ஒருவர் கதையைப் படித்து, 'இவ்விடத்தில் கதை நிற்கவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் அவ்வாறு இங்குக் கால்கொண்டது.

அப்பழக்கம் கதைகளை என்ன செய்தது என்று சான்று காட்டி விளக்க முனைந்தால் இடர்ப்படுகிறோம். அக்காலத்துக் கையெழுத்துப் படிகள் அரிதாகவே நம் கண்ணில் படுகின்றன. அச்சுக்கோப்பவர் கைக்குப் போன தாள் எழுத்தாளர் வீட்டுக்குத் திரும்பும் வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை; திரும்பியவற்றையும் கறையான் விட்டுவைத்திராது. எனவே, படிகள் காக்கப்பட்ட வேற்றுமொழிச் சான்று ஒன்றை நாட வேண்டியவர்களாகிறோம்.

அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வரின் கதைத்தொகுதி ஒன்று 1981இல் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ், கார்வர் எழுதித் தந்தவற்றில் ஏறத்தாழப் பாதியை வெட்டியிருந்தார் என்பது இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் உள்ள படிகளால் பின்னர் வெளிப்பட்டது. திருத்தப்பட்ட படியைக் கண்ட கார்வர், நூலை நிறுத்திவிடுமாறு 1980 சூலையில் மன்றாடிக் கடிதம் எழுதினார். நூல் நிற்கவில்லை, வெளிவந்து பெரும்புகழும் ஈட்டியது.

அத்தொகுதியிலுள்ள 'குளியல்' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். மகனின் பிறந்தநாளுக்குத் தாய் ஒருத்தி அடுமனையில் கேக் செய்யச் சொல்கிறாள். பிறந்தநாளன்றே சிறுவன் கார் மோதி மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறான். கேக்கை வாங்க எவரும் வராததால் அடுமனைக்காரர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தவண்ணம் இருக்கிறார். குளிப்பதற்காக வீடு திரும்பிய தாய் ஒலிவாங்கியை எடுக்கிறாள். மகனைப் பற்றிய செய்தி என்கிறது குரல். அவ்வளவில் கதை முடிகிறது. பேசுபவர் யார், பிள்ளை பிழைத்தானா என்பதெல்லாம் இருளில் விடப்படுகின்றன. கார்வர் எழுதியது இதுவன்று. 1983இல் தம் அடுத்த தொகுதியில் அவர் மீட்டுச் சேர்த்த நீண்ட வடிவத்தில் சிறுவன் இறந்துவிடுகிறான். சினம் பொங்கப் பெற்றோர் நள்ளிரவில் அடுமனைக்குச் செல்கின்றனர். உண்மையறிந்த அடுமனைக்காரர் மன்னிப்புக் கோரி, சூடான ரொட்டியை எடுத்து வைத்து உண்ணச் சொல்கிறார். மூவரும் விடியும்வரை பேசிக்கொண்டிருக்கின்றனர்.

லிஷ் வெட்டியது மிகைச்சொல்லை மட்டுமன்று. ரொட்டியையும் அன்றோ வெட்டிவிட்டார்! துக்கத்தில் இருப்பவர்க்கு அயலார் சோறிடும் வழக்கமுடைய நமக்கு அவ்விழப்பின் அளவு எளிதில் விளங்கும். 'குளியல்' குறையற்ற கதை. ஆயினும் அது மற்றொருவருடைய கதை என்பது நம் துணிபு. அதே வேளையில் லிஷை வெறும் கொடுங்கோலராகக் காட்டுவதும் பொருந்தாது. 1988இல் தாம் மறைவதற்குச் சற்றுமுன் தேர்ந்தெடுத்த கதைகளைத் தொகுத்தபோது, கார்வர் இக்கதைக்குத் தம் நீண்ட வடிவத்தையும் வேறு சிலவற்றுக்கு லிஷ் சுருக்கிய வடிவத்தையுமே சேர்த்தார். எந்த வெட்டு தம் கதைக்கு ஆகும், எது ஆகாது என்று முடிவு செய்தவர் அவரே.

இவ்வளவும் கூறக் காரணம் உண்டு. நம்மிடையே செப்பனிடும் பொறுப்பு பெரும்பாலும் தமிழாசிரியர்களைச் சார்ந்துள்ளது. நூலாக்க விரும்புவோர் தாளை நம்மிடம் தந்து, 'பிழை பார்த்துக் கொடுங்கள்' என்கின்றனர். நாமும் சிவப்பு மையுடன் அமர்ந்து விடுபட்ட ஒற்றைச் சேர்த்து, மயங்கிய லகர ளகரங்களைத் தீர்த்து, கதையே செப்பமாயிற்று என்று மனநிறைவு கொள்கிறோம். ஒற்று வேண்டியதுதான், அதனை எள்ளுவது நம் நோக்கமன்று. ஆனால் அதே மை உரையாடலுக்குள்ளும் பாய்கிறது. தோட்டத்துக் கிழவி ஒருத்தி 'பெரட்டுக்கு நேரமாச்சு' என்று சொன்னால், அதனை 'வருகைப் பதிவுக்கு நேரமாகிவிட்டது' என்று மாற்றும் கை நம்மிடையே இல்லையென உறுதி கூற இயலுமா? பெரட்டு என்னும் சொல்லில் விடியற்காலை இருளும் தண்டலின் அதட்டலும் குளிரும் அடங்கியுள்ளன. மங்கு, ஒட்டுப்பால், லயம், கிராணி ஆகியனவும் அத்தகையனவே. லிஷ் ரொட்டியை நீக்கினார். நாம் பெரட்டை நீக்குகிறோம்.

மாறாக, நம் மை தொட வேண்டிய இடங்கள் தீண்டப்படாமலே தப்பிவிடுகின்றன. போட்டிக்கு வரும் கதைகளைப் படிக்குந்தோறும் நாம் காண்பது, கதிரவன் எழுவதில் தொடங்கி, நாயகன் காப்பி அருந்தி, பழைய நினைவில் மூழ்கி, இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் உண்மையில் தொடங்கும் கதையை. முன்னுள்ள ஒன்றரைப் பக்கமும் எழுத்தாளர் தம் கதையைத் தேடி நடந்த வழி. நடந்தது தேவையே; அச்சிட்டது தேவையற்றது. இறுதிப் பத்தியில் அறிவுரை கூறும் பாத்திரமும் அவ்வாறே வந்து நிற்கிறது. இவற்றைச் சுட்டிக்காட்டலாம், வெட்டுவது எழுதியவர் கையாகவே இருத்தல் வேண்டும். தாளைச் சில கிழமை பெட்டியில் இட்டுவைத்துப் பின் உரக்கப் படித்துப் பார்த்தால், நாம் சுட்டுவனவற்றுள் பாதியை அவரே கண்டுகொள்வார்.

ஆய்வு மாணவர்க்கும் இதில் பணியுண்டு. கையெழுத்துப் படி கிட்டாவிடினும் நாளிதழ்ப் படி உள்ளது. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களைக் காணலாம். ஞாயிறு பதிப்பில் வந்த கதையையும் அதே கதையின் நூல் வடிவத்தையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடுவது ஓர் இளங்கலை ஏட்டுக்கு ஏற்ற அளவினதே. மாற்றம் எதுவும் காணப்படாவிட்டால், அதனையும் ஒரு முடிவாகவே பதிவு செய்யலாம்.