டோரஸ்: அண்டைக்கு வேகம், தொலைவுக்குத் தாமதம்

புதிய சூப்பர் கம்ப்யூட்டர் வந்தால் நாளிதழ்கள் நொடிக்கு எத்தனை கோடிக் கணக்கு என்பதோடு செய்தியை முடித்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான கணுக்கள், அதாவது தனித்தனிக் கணிப்பு அலகுகள், ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் கணிப்புகள் பலவும் தடுக்கி விழுவது அங்கேதான்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2005இல் முழு அளவை எட்டிய ஐ.பி.எம். புளூ ஜீன்/எல் எந்திரத்தில் 65,536 கணுக்கள். 64×32×32 என்ற முப்பரிமாண அடுக்கில் ஒவ்வொன்றுக்கும் ஆறு அண்டைக் கணுக்கள். வரிசையின் கடைசிக் கணுவிலிருந்து செல்லும் இணைப்பு முதல் கணுவிலேயே வந்து சேரும். கோயிலைச் சுற்றிய மாட வீதிகளைப் போல எந்தப் பக்கம் புறப்பட்டாலும் சுற்றி வந்துவிடலாம். இந்த அமைப்புக்குப் பெயர் டோரஸ்.

இதன் சிக்கனம் உண்மையானது. தனி ஸ்விட்ச் பெட்டிகள் வேண்டாம். வழிகாட்டும் வேலையைச் சில்லே செய்துகொள்ளும். எத்தனை கணுக்கள் சேர்ந்தாலும் ஒன்றுக்கு ஆறு இணைப்புதான். இயற்பியலும் இதற்கு ஒத்துழைக்கிறது. உருகிய உலோகத்தில் ஓர் அணுவை ஆட்டுவிப்பவை பெரும்பாலும் அதன் அருகிலுள்ள அணுக்களே. டான்டலம் என்ற உலோகம் உறைவதை இந்த எந்திரத்தில் நொடிக்கு நூறு லட்சம் கோடிக் கணக்குகளுக்கும் மேலான வேகத்தில் கணித்த குழு, அதே 2005இல் உயர்வேகக் கணிப்புக்கான கோர்டன் பெல் பரிசு பெற்றது.

ஆனால் எந்திரத்தைச் சரிபாதியாக வெட்டிப் பார்த்தால் கதை வேறு. ஒரு பாதியின் 32,768 கணுக்களுக்கும் மறுபாதிக்கும் இடையே இருந்தவை 2,048 இணைப்புகள். பதினாறு கணுக்களுக்கு ஒன்று. எல்லாரும் எல்லாரோடும் பேசவேண்டிய ஃபூரியர் உருமாற்றம் போன்ற கணிப்புகள் இங்கே திணறும். கியூபாக்ஸ் என்ற நிரலில், எந்தப் பணி எந்தக் கணுவில் என்ற இடஒதுக்கீட்டை மட்டும் மாற்றியதில் வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடியது. சாதனை என்று இதைப் பாராட்டலாம். விஞ்ஞானியைக் கம்பி வரைபடம் படிக்கவைத்த வடிவமைப்பின் குறை என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் சரி.

பலர் பகிர்ந்துகொள்ளும் எந்திரத்தில் தொல்லை இன்னும் கூடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புளூ வாட்டர்ஸ், 24×24×24 டோரஸாக இருந்தது. அதில் ஒருவருடைய செய்திகள் இன்னொருவருடைய வேலைக்குள் புகுந்து போயின. கணுக்களை நெருக்கமான தொகுதிகளாக ஒதுக்கும் முறை பிறகு வந்தது. தொகுதியாக ஒதுக்கினால் இடையிடையே கணுக்கள் சும்மா கிடக்கும். புளூ வாட்டர்ஸைக் கட்டிய கிரே நிறுவனமே அடுத்த தலைமுறையில் ‘டிராகன்ஃபிளை’ அமைப்புக்கு மாறிவிட்டது. அதற்கு வேண்டிய ஸ்விட்சும் ஒளியிழையும் செலவுதான். ஆனால் எந்த மூலைக்கும் சில தாவல்களில் போய்விடலாம்.

இத்தோடு டோரஸைப் பழங்கதை என்று ஒதுக்குபவர்களுக்கு ஜப்பானின் ஃபுகாகு எந்திரம் இடைஞ்சல். அதன் 158,976 கணுக்களை ஃபுஜிட்சு நிறுவனத்தின் ‘டோஃபு’ இணைப்பு அமைப்பு ஆறு பரிமாணங்களில் கோக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பத்து இணைப்புகள். எந்திரத்தின் ஒரு துண்டை மட்டும் ஒதுக்கினாலும் பயனருக்கு அது முழு டோரஸாகவே தெரியும். பழுதான கணுவைச் சுற்றிப் போகவும் வழி உண்டு. அண்டை உறவே இல்லாத தரவுகளைத் துழாவும் ‘கிராஃப் 500’ சோதனையில் 2020 முதல் பல பட்டியல்களில் அதற்கே முதலிடம் கிடைத்தது. ஆனால் ரிக்கென் ஆய்வகமும் ஃபுஜிட்சுவும் அரசுப் பணத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்துப் பெற்றது இது.

ஒரே வகைக் கணிப்பை ஓயாமல் ஓட்டும் ஆய்வகத்துக்கு எளிய முப்பரிமாண டோரஸ் இன்றும் போதும். நூறு துறையினர் வரிசையில் நிற்கும் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது. ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர்கள் கணக்கு வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையின் எண்ணோடு நின்றுவிடாமல், எந்திரம் நிரம்பி ஓடும்போது எல்லாக் கணுக்களுக்கும் இடையே நடக்கும் பரிமாற்ற வேகத்தையும் அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.