தாங்கியது யார்?

‘உயர்த்தினார்கள்’ என்று ஒரு வார்த்தை. 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாராட்டாகச் சொல்வது. அன்றைய இசையமைப்பாளர்கள் காதல் பாட்டு, போர்ப் பாட்டு என உலகியல் மெட்டுகளை எடுத்து, கத்தோலிக்கத் திருப்பலி இசைக்கு அடித்தளமாக வைத்தார்கள். பாட்டு உயர்ந்துவிட்டதாம். யாரை யாரு தூக்கி நிறுத்தினது என்பதுதான் என் கேள்வி.

வேலை நடந்த விதத்தைப் பார்ப்போம். மெட்டைப் பெரும்பாலும் டெனர் குரலிடம் கொடுப்பார்கள். ‘பிடித்து வைத்திருப்பது’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பாட்டின் சொற்களை உருவிவிட்டு, சுரங்களை இழுத்து நீட்டுவார்கள். மற்றக் குரல்கள் சுற்றிலும் ஓடியாடும். கட்டடமே மெட்டின்மேல் நிற்கும். கேட்கிறவர் காதில் மெட்டு லேசில் பிடிபடாது.

கியோம் துஃபாய், ‘ஸ லா ஃபாஸ் ஏ பால்’ என்ற தம் காதல் பாட்டையே இப்படித் திருப்பலியாக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை. வானவர் கீதத்தில் மெட்டு மூன்று முறை வருகிறது: முதலில் மும்மடங்கு நீட்டி, பிறகு இருமடங்கு, கடைசியில் சொந்த வேகத்தில். அப்போதுதான் பாட்டு முகம் காட்டுகிறது. இங்கே பாட்டும் அவருடையது, பேரும் அவருடையது.

‘லோம் ஆர்மே’வின் கதை வேறு. ஆயுதம் தரித்தவனைக் கண்டு அஞ்சச் சொல்லும் பாட்டு. அதன்மேல் 40க்கும் அதிகமான திருப்பலி இசைகள் எழும்பின. ஜோஸ்கின் இரண்டு செய்தார், பாலஸ்த்ரினா இரண்டு செய்தார். அவர்கள் பேர் நிலைத்துவிட்டது. மெட்டுக் கட்டியவர் இன்னார் என்று உறுதியான பேர் ஒன்றும் இல்லை.

1562இல் திரெந்து பொதுச்சங்கம், காமம் கலந்த, அசுத்தமான இசையைக் கோயிலிலிருந்து விலக்கச் சொன்னது. ‘அசுத்தம்’ என்ற சொல் காதில் விழுந்தால் நம்மால் சும்மா இருக்க முடியுமா? பாலஸ்த்ரினா 1570இல் அச்சிட்ட முதல் திருப்பலிக்குப் பாட்டின் பேரே இருந்தது. 1582இல் வந்த இரண்டாவதுக்கு வெறும் ‘நான்காம் திருப்பலி’ என்று பேர். பாட்டின் பேர் போச்சு. மெட்டு மட்டும் உள்ளேயே வேலை செய்துகொண்டிருந்தது.

மெட்டை உருவினால் அந்த இசை நிற்காது. திருப்பலி இல்லாமலும் பாட்டு பாட்டாகவே இருந்தது. பிறகு எது எதை உயர்த்தியது?

இசை படிக்கும் தோழர்கள் முதலில் அந்தப் பாட்டைப் பாடிப் பழகுங்கள். அப்புறம் திருப்பலியைப் போட்டு, டெனர் குரலை மட்டும் விடாமல் தொடருங்கள்.