நீராவி ரயில் புகைப்படங்கள்: இஞ்சினும் ஆட்களும்

நீராவி ரயில் புகைப்படங்கள் என்பவை நீராவி இஞ்சின்களையும் அவை இழுத்த வண்டிகளையும் பதிவுசெய்யும் நோக்கத்துடன் எடுக்கப்பட்டவை. இந்தியாவில் 1970 முதல் 1990கள் வரை, நீராவி இஞ்சின்கள் படிப்படியாக விலக்கப்பட்ட காலத்தில், இவை மிகுதியாக எடுக்கப்பட்டன. எடுத்தவர்களில் பலர் ரயில் ஆர்வலர்கள். இன்று இப்படங்கள் ரயில் வரலாற்றுக்கு முக்கியமான சான்றுகள். இஞ்சினின் வகை, எண், நிறம், உறுப்புகள் ஆகியவற்றை இவற்றிலிருந்து துல்லியமாக அறியலாம். ஆனால் அந்த இஞ்சினுக்குக் கரி போட்டவர் யார், அந்த வண்டியில் ஏறி எங்கே போனவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு இவற்றில் பெரும்பாலும் விடை இல்லை. ஆட்கள் விடுபட்டதற்கு எடுத்தவர்களின் ரசனை மட்டும் காரணமல்ல. ஃபிலிம், வெயில், புகை, அனுமதி விதிகள் ஆகியவையும் சேர்ந்து அதை உண்டாக்கின.

பின்னணி

பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி ஓட்டம் 1968 ஆகஸ்டில் முடிந்தது. மேற்கு ஜெர்மனியில் 1977இல் முடிந்தது. அந்நாடுகளின் ஆர்வலர்கள் அதன்பின் நீராவி இஞ்சின்கள் ஓடிய பிற நாடுகளைத் தேடிச் சென்றார்கள். இந்தியா அவற்றுள் முதன்மையானது. சித்தரஞ்சன் தொழிற்சாலை அகலப்பாதைக்கான கடைசி நீராவி இஞ்சினை 1970இலும், மீட்டர் பாதைக்கான கடைசி நீராவி இஞ்சினை 1972இலும் கட்டி முடித்தது. அகலப்பாதையில் நீராவி ஓட்டம் 1995 டிசம்பர் வரை நீடித்தது.

தமிழ்நாட்டின் பாதைகளில் பெரும்பகுதி மீட்டர் பாதையாக இருந்தது. பயணிகள் வண்டிகளுக்கு ஒய்.பி. வகை இஞ்சின்களும், சரக்கு வண்டிகளுக்கு ஒய்.ஜி. வகை இஞ்சின்களும் பரவலாகப் பயன்பட்டன. 1992இல் பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. அதன்பின் இஞ்சின்கள் மட்டுமன்றி மீட்டர் பாதையின் தண்டவாளங்கள், பெட்டிகள், பல நிலையங்களின் பழைய தோற்றம் ஆகியவையும் மறைந்தன. ஆகவே முந்தைய இருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களின் மதிப்பு கூடியது.

படத்தின் இலக்கணம்

ஆர்வலர்களின் படங்களுக்கு எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. இஞ்சினின் முகப்பும் ஒரு பக்கமும் ஒருசேரத் தெரியும் கோணத்தில் நிற்க வேண்டும். சூரியன் படமெடுப்பவரின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். இஞ்சினின் எண் படிக்கும்படி இருக்க வேண்டும். குறுக்கே கம்பமோ ஆளோ வரக்கூடாது. புகை மேலெழுந்து பின்னால் சாய வேண்டும்.

இந்த இலக்கணத்தைப் பழிக்க வேண்டியதில்லை. தாவரவியலாளர் இலையையும் பூவையும் ஒரே தாளில் ஒட்டிவைப்பதற்கு ஒப்பானது இது. ஒரே முறையில் எடுக்கப்பட்டதால்தான் இரண்டு இஞ்சின்களின் வேறுபாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஒரே இஞ்சின் பத்தாண்டுகளில் எப்படி மாறியது என்று சொல்ல முடிகிறது. பழைய இஞ்சின்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இத்தகைய படங்கள் பெரிதும் உதவக்கூடியவை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த இலக்கணத்தின்படி ஆள் ஓர் இடையூறு. வழியில் நிற்கும் பயணி, இஞ்சினைத் துடைக்கும் தொழிலாளி, தண்டவாளத்தைக் கடக்கும் பெண் ஆகியோர் படத்தைக் கெடுப்பவர்கள். அவர்கள் விலகும்வரை காத்திருந்து எடுத்த படமே நல்ல படம் என்று கருதப்பட்டது.

ஃபிலிமும் வெயிலும்

அக்காலத்தில் ஆர்வலர்கள் விரும்பிய வண்ண ஃபிலிம் கோடாக்ரோம். அதன் வேகம் 25 அல்லது 64 ஏ.எஸ்.ஏ. மட்டுமே. 25 வேகமுள்ள ஃபிலிமில் ஓடும் வண்டியை நொடியில் 200இல் ஒரு பங்கு நேரத்தில் பிடிக்க வேண்டுமானால், முழு வெயிலிலும் லென்ஸின் துளையை நன்றாகத் திறக்க வேண்டும். மேகம் மூடினால் படம் இல்லை. ஒரு சுருளில் 36 படங்கள். ஆகவே வெயில் இல்லாத நேரத்தில் எடுப்பதை வீண்செலவாகவே கருதினார்கள்.

இவ்வகை ஃபிலிம் மிகுந்த ஒளியையும் ஆழ்ந்த நிழலையும் ஒரே படத்தில் தாங்காது. கறுப்பு இஞ்சினின் விவரம் தெரியும்படி எடுத்தால் வானம் வெளுத்துவிடும். வானத்துக்காக எடுத்தால் கூரைநிழலில் நிற்கும் டிரைவரின் முகம் கறுத்து மறைந்துவிடும். இஞ்சின் அறையில் டிரைவரும் பொதுவாக இரண்டு ஃபயர்மேன்களும் இருந்தார்கள். பல படங்களில் அந்த அறை ஒரு கறுப்புச் சதுரமாக மட்டுமே இருக்கிறது. இது யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் வெளியே வந்து நிற்கச் சொல்லியோ, அறைக்குள் ஏறியோ, ஃப்ளாஷ் பயன்படுத்தியோ அந்த முகங்களை எடுத்திருக்க முடியும். அப்படி எடுக்கத் தோன்றியவர்கள் குறைவு என்பதே இங்கு விமர்சனத்துக்கு உரியது.

புகையின் பொருள்

நீராவி ரயில் படங்களில் அதிகம் பாராட்டப்படுவது புகை. கரும்புகை கக்கியபடி வரும் இஞ்சினே வலிமையின் சின்னமாக அச்சிடப்படுகிறது. உண்மையில் அடர்ந்த கரும்புகை என்பது கரி முழுமையாக எரியவில்லை என்பதன் அடையாளம். கரியைச் சிறிதளவாக, தீப்பரப்பு முழுவதும் பரவும்படி போட்டு, காற்றோட்டத்தைச் சரியாக வைத்திருக்கும் ஃபயர்மேனின் இஞ்சின் மெல்லிய புகையே விடும். திறமையான ஃபயர்மேனின் வேலை படத்தில் தெரியாது. வேலை கெட்டால்தான் படம் 'அழகாக' இருக்கும். உலகின் பல பாரம்பரிய ரயில் பாதைகளில் புகைப்படக்காரர்களுக்காகவே வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய் மீண்டும் புகை கக்க ஓட்டிக்காட்டும் வழக்கம் உண்டு. அப்போது எடுக்கப்படுவது ரயிலின் வேலையைக் காட்டும் படமல்ல. ரயில் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பவர் விரும்புகிறாரோ அதன் படம்.

வெண்புகைக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. இஞ்சின் வெளிவிடும் நீராவி குளிர்ந்த காற்றில் சிறு துளிகளாக மாறி வெண்மையாகத் தெரியும். சூடான, வறண்ட காற்றில் அது விரைவில் கரைந்துவிடும். ஆகவே குளிர்கால வட இந்தியாவிலும் நீலகிரியின் காலைநேரத்திலும் எடுத்த படங்கள் செழிப்பாக இருக்கின்றன. சித்திரை வெயிலில் விருத்தாசலம் பக்கம் ஓடிய ஒரு பாசஞ்சர் வண்டி அதே உழைப்பை உழைத்தாலும், படத்தில் ஏழையாகவே தெரியும். எந்தப் பாதை படமெடுக்கத் தக்கது என்று முடிவானதில் இந்தப் பருவநிலைக்கும் பங்கு இருந்தது.

நீலகிரி மலைப்பாதை

தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட ரயில் நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையான பாதை 1899இலும், உதகமண்டலம் வரையான நீட்சி 1908இலும் திறக்கப்பட்டன. மொத்த நீளம் சுமார் 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. இஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்ட எக்ஸ் வகை இஞ்சின்கள் இப்பாதையில் ஓடின. பிற்காலத்தில் பல இஞ்சின்கள் எண்ணெய் எரிக்கும் முறைக்கு மாற்றப்பட்டன. திருச்சி பொன்மலைப் பணிமனை இவ்வகையில் புதிய இஞ்சின்களையும் கட்டியது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஆர்வலர் இலக்கணம் செல்லுபடியாகாத பாதையும் இதுவே. பாதுகாப்புக்காக இஞ்சின் எப்போதும் வண்டியின் கீழ்ப்பக்கம் இருக்கும். ஏறும்போது அது பின்னாலிருந்து தள்ளும். எதிரே நிற்பவரின் கண்ணுக்கு முதலில் வருவது பெட்டியும், அதன் முகப்பில் கொடியுடன் நிற்கும் ஊழியரும்தான். இறங்கும்போது இஞ்சின் முன்னால் வரும், ஆனால் அப்போது அது ஏறும் உழைப்பில் இருக்காது, புகையும் குறைவு. பெட்டிகளில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் இஞ்சினின் விசில் ஒலியைக் கேட்டுக் கையால் பிரேக் போடுவார்கள். அதாவது இந்த வண்டி ஒரு குழுவாக இயங்குவது. இஞ்சினை மட்டும் நெருக்கமாகக் காட்டும் படம் இந்தப் பாதையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. முன்னால் நிற்கும் ஊழியரையும் பின்னால் தள்ளும் இஞ்சினையும் ஒரு வளைவில் ஒன்றாகக் காட்டும் படமே அதன் இயக்கத்தை விளக்குகிறது. ஹில்குரோவ் போன்ற இடங்களில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலையும் அதே அளவு பதிவுக்குரியது.

சமவெளிப் பாசஞ்சர் வண்டிகள்

நீலகிரிக்கு நேர்மாறான எடுத்துக்காட்டு சேலம்–விருத்தாசலம் பாதை. ஆத்தூர், சின்னசேலம் வழியாகச் செல்லும் இப்பாதை மீட்டர் பாதையாக இருந்து, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அகலப்பாதையானது. இதில் மலைவளைவும் இல்லை, உலகச் சின்னம் என்ற பெயரும் இல்லை. ஆனால் இதுவே ஒரு பெரும் வட்டாரத்தின் ரயில்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள வடக்கனந்தலுக்கு ரயில் பாதை கிடையாது. கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சிப் பகுதியினருக்குப் பழக்கமான நிலையம் சின்னசேலம். சின்னசேலத்தையும் கள்ளக்குறிச்சியையும் இணைக்கச் சுமார் 16 கிலோமீட்டர் நீளத்தில் புதிய பாதை திட்டமிடப்பட்டது. இத்தகைய ஊர்க்காரருக்கு ரயில் என்பது பேருந்தில் போய்ச் சேர வேண்டிய ஒன்று. நிலையத்தில் காத்திருப்பது, ஒற்றைப்பாதையில் எதிர்வண்டிக்காக நிற்பது, நிலைய ஊழியரும் இஞ்சின் ஆளும் பிரம்பு வளையத்தில் டோக்கன் மாற்றிக்கொள்வது, சன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழுவது ஆகியவை அந்தப் பயணத்தின் பகுதிகள். எண்தட்டு தெளிவாகத் தெரியும் படத்தில் இவை எவையும் இருக்காது.

உள்ளூர்க்காரர்கள் இவற்றை எடுத்திருக்கக்கூடாதா என்ற கேள்வி எழலாம். காமிராவும் ஃபிலிமும் விலையுயர்ந்த காலம் அது. மேலும் நிலையங்களையும் பாலங்களையும் படமெடுக்க அனுமதி தேவைப்பட்டது. ரயில்வே வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் பெற்று வரும் வெளிநாட்டுப் பயணிக்கு இருந்த வாய்ப்பு, தன் ஊர் நிலையத்தைப் படமெடுக்க நினைத்த மாணவருக்கு எளிதில் கிடைக்கக்கூடியதல்ல. வட்டாரத்தின் ரயில் வரலாறு வெளியிலிருந்து வந்தவர்களின் தேர்வாக அமைந்தது இதனால்தான்.

ஆட்கள் உள்ள படங்கள்

வேறு வகையில் எடுக்க முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் ஓ. வின்ஸ்டன் லிங்க், 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி வண்டிகளை எடுத்தார். பெரும்பாலும் இரவில், பல ஃப்ளாஷ் விளக்குகளை ஒரே நேரத்தில் எரியவைத்து எடுத்தார். 1956இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் ஓர் இணை காரில் அமர்ந்திருக்க, பின்னால் ரயில் கடக்கிறது. திரையில் தெரியும் விமானம் பிறகு சேர்க்கப்பட்டது. அவருடைய படங்கள் ஏற்பாடு செய்யப்பட்டவை. ஆயினும் ரயில் ஓர் ஊரின் வாழ்க்கைக்குள் எங்கே இருந்தது என்பதை அவை சொல்கின்றன.

ஸ்டீவ் மெக்கரி 1983இல் ஆக்ராவில் எடுத்த படத்தில் இஞ்சினின் முகப்பில் ஆட்கள் நிற்கிறார்கள், பின்னணியில் தாஜ்மகால். படத்தின் கவர்ச்சி தாஜ்மகாலால் வந்தாலும், கரிபடிந்த இஞ்சினையும் அதன் ஆட்களையும் பிரிக்காமல் காட்டுவது அதன் வலிமை. ரகு ராய் 1995இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் எடுத்த படத்தில் ரயிலைவிட நெரிசலே பொருள். கூட்டம் மங்கலாக ஓட, அசையாமல் செய்தித்தாள் படிப்பவர்கள் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள்.

திரைப்படம் இதை முன்பே கண்டுகொண்டது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) ரயில் ஊருக்குள் வருவதில்லை. இரண்டு குழந்தைகள் வயல்வெளி கடந்து அதைப் பார்க்கப் போகிறார்கள். ரயில் தொலைவில் இருக்கும் ஊர்களின் அனுபவம் அதுவே. பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) நீலகிரிப் பாதையின் கேத்தி நிலையத்தில் முடிகிறது. அக்காட்சியில் ரயில் என்பது ஒரு சன்னலும் அதற்குள் இருக்கும் முகமும் மட்டுமே. மழையில் நடைமேடையில் ஓடுபவனை அந்த முகம் அடையாளம் காண்பதில்லை. பார்வையாளருக்கு அந்த வண்டியின் எண் தேவைப்படவில்லை. வண்டி கிளம்பிவிடும் என்பதே தேவைப்பட்டது.

மதிப்பீடு

ஆர்வலர்களின் உழைப்பு இல்லையென்றால் இந்திய நீராவி இஞ்சின்களைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பாதிகூடத் தெரிந்திருக்காது. அவர்கள் நாளையும் இடத்தையும் எண்ணையும் ஒழுங்காகக் குறித்துவைத்தார்கள். அந்த ஒழுங்கைக் கைவிடாமல், அதை ஆட்களுக்கும் விரிவாக்குவதே செய்ய வேண்டியது. இஞ்சினுக்கு எண் குறிப்பவர் ஓட்டியவருக்குப் பெயர் குறிக்காமல் விட்டது அக்கலையின் பெரிய இழப்பு.

இந்த இழப்பில் ஒரு பகுதியை இன்னும் சரிசெய்யலாம். 1985இல் 25 வயதில் ஃபயர்மேனாக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். பழைய படங்களை அவர் முன் வைத்தால், நிலையம், ஷெட், வேலைமுறை, உடன் நின்றவரின் பெயர் ஆகியவற்றைச் சொல்லக்கூடும். வீட்டு ஆல்பங்களில் நடைமேடையில் நின்று எடுத்த குடும்பப் படங்கள் உண்டு. அவற்றின் ஓரத்தில் தெரியும் பெட்டியும் பெயர்ப்பலகையும் ஆர்வலர்கள் எடுக்காமல் விட்டவை. இப்படங்கள் இணையத்தில் இடமும் ஆண்டும் இன்றிப் பகிரப்படும்போது, அவை வெறும் பழைய நினைவாகச் சுருங்கிவிடுகின்றன. எந்த நிலையம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்ற மூன்று வரிகள் சேர்ந்தால் அதே படம் ஒரு வட்டாரத்தின் ஆவணம் ஆகும். அந்த மூன்று வரிகளைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.