மலையேறி வந்த பொன்மலைக்காரி!

துறையூர்க்காரனுக்கு ரயில் என்றாலே ஏக்கம்தான். எங்கள் ஊரில் தண்டவாளமே கிடையாது. ரயில் கூவுவதைக் கேட்கத் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்டவனைக் குன்னூர் லோகோ ஷெட் ஓரமாக நிறுத்தினால்? பித்துப் பிடித்துவிட்டது எனக்கு!

கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். ஈரக்காற்று, எண்ணெய்ப் புகை நெடி, திடீரென்று மலைச்சரிவு முழுக்க எதிரொலிக்கும் ஒரு கூவல். பெட்டிகளைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளிக்கொண்டே மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்துவிட்டாள், எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்! பெட்டிகளைக் கழற்றிவிட்டதும் ஷெட்டை நோக்கி உஸ் உஸ் என்று நகர்கிறாள், வெள்ளை ஆவி என் முகத்தில் அடிக்கிறது, நான் குழந்தை மாதிரி கை தட்டிக் கத்துகிறேன், கண்ணில் தண்ணீர், வெட்கமெல்லாம் எங்கே போனதோ!

அந்த நான்கு சிலிண்டர்களைப் பார்க்க வேண்டுமே! இரண்டு சிலிண்டர் ஓடும் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடித்த அதே ஆவி, காற்றில் கலந்து போகாமல், அடுத்த இரண்டு சிலிண்டருக்குள் புகுந்து பல்சக்கரத்தைச் சுழற்ற, அது தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்சட்டத்தைக் கவ்விக் கவ்வி, கல்லாற்றிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தில் மொத்த வண்டியையும் மேலே ஏற்றுகிறது! 1712-இல் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நியூகோமன் நிறுவிய நீராவி இயந்திரத்தின் வம்சம் இது. யார்க்‌ஷயரின் எல்சிகரில் 1795-ஆம் ஆண்டு நிறுவிய அந்த வகை இயந்திரம் ஒன்று முதலில் நின்ற அதே எஞ்சின் வீட்டுக்குள் இன்றும் நிற்கிறதாம், நிற்கட்டும், கும்பிடுகிறேன், ஆனால் நம்முடையவள் மலையேறுகிறாளய்யா! அதுவும் யார் வீட்டுப் பெண்? ஆரம்பத்து எக்ஸ் எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து கப்பலேறி வந்தவை. அவை தளர்ந்தபோது புதிதாகச் செய்து அனுப்பியது நம்ம திருச்சிப் பொன்மலைப் பணிமனை! கொதிகலனிலிருந்து பல்சக்கரம் வரை நம்மூர்க் கைகள்! பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஆள் ஒவ்வொருவரிடமும் "எங்க ஊர்ல செஞ்சதுங்க, எங்க ஊர்ல செஞ்சது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும், சட்டையில் கரி படியும். படியட்டுமே! 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் எட்டிய பாதை, 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பாதை! மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் வண்டி, டிக்கெட்டை முன்கூட்டியே போடுங்கள். கடைசிப் பெட்டியில் ஏறுங்கள், எஞ்சினை ஒட்டியே!