25 அடி கேரவனில் க்ளூவானி ஏரிக்கரைக்கு

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமா படப்பிடிப்பில் நிற்கும் வண்டிதான். அதை ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் உள்ளே ஏசியில் உட்கார்ந்திருப்பார். நானும் கணவரும் கனடாவின் யூகான் பகுதியில் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமில் ஓட்டுவது, தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, கழிவை இறக்குவது எல்லாமே நாங்கள்தான். ஆகஸ்ட் கடைசி வாரத்தில், வைட்ஹார்ஸ் நகரத்திலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பினோம். இங்கே எழுதுவது அதில் ஒரு முழு நாளைப் பற்றி. என் கேள்வி ஒன்றுதான்: கரண்ட்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத காட்டில் இந்த வண்டி ஒரு ராத்திரியைத் தாங்குமா?

முதலில் வண்டி. 25 அடி நீளம். முன்பக்கம் சாதாரண வேனின் மூக்கு, அதன் பின்னால் வீட்டுப் பெட்டி. ஓட்டுபவரின் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்கோடியில் இன்னொன்று. 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், பின்னால் இரட்டைச் சக்கரங்கள். இழுக்கும் சக்திக்குக் குறைவே இல்லை. ஏற்றத்தில் இன்ஜின் உறுமும், அவ்வளவுதான், திணறாது. இறக்கத்தில் கியர் தடியின் முனையில் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டால் கியர் தானாக இறங்கி, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே மலை இறங்க வேண்டாம். காரை மட்டுமே ஓட்டிப் பழகிய எங்களுக்கு அந்தப் பொத்தான் பெரிய தைரியம்.

ஹெய்ன்ஸ் ஜங்ஷன் வரை 155 கிலோமீட்டர். மணிக்கு 85க்கு மேல் போகவில்லை, போகவும் தோன்றவில்லை. கனடாவின் மிக உயர்ந்த சிகரமான லோகன், 5,959 மீட்டர், அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் முன்வரிசை மலைகள் மறைத்துவிடுவதால் சாலையிலிருந்து தெரியாது. ஊருக்குள் பெட்ரோல் போட்டு, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக்கொண்டோம். இந்தப் பாதையில் பங்க்கைப் பார்த்தால் நிற்க வேண்டும். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

வண்டியின் பெரிய குறை தெரிந்தது க்ளூவானி ஏரியின் தென்முனையில். அங்கே சாலை ஓர் அகன்ற ஆற்றுப்படுகையைக் கடக்கிறது. ஆயி சூ என்பது அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர், வரைபடங்களில் ஸ்லிம்ஸ் ஆறு. 2016 வசந்த காலத்தில் இந்த ஆற்றின் தண்ணீர் சில நாட்களிலேயே வேறு பக்கம் போய்விட்டது. காஸ்கவுல்ஷ் பனியாறு பின்வாங்க, அது உருகிய நீர் புதிய வழி வெட்டிக்கொண்டு தெற்கே பசிபிக் பக்கம் இறங்கிவிட்டது. அதுவரை வடக்கே ஓடி, ஏரி வழியாக யூகான் ஆற்றில் கலந்து, பெரிங் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர் அது. இப்போது மிச்சமிருப்பது மாவு போன்ற வண்டல். பள்ளத்தாக்கில் இறங்கும் காற்று அதை வாரிச் சுருட்டிக்கொண்டு சாலைக்கு வருகிறது. வண்டியின் பக்கச்சுவர் ஒரு கப்பல் பாய் மாதிரி அந்தக் காற்றை வாங்கியது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. காற்று ஒரு நொடி நின்றதும் சட்டென்று இடப்பக்கம் பாய்கிறது. அவர் வேகத்தை ஐம்பதுக்குக் குறைத்தார். நான் எதிரே லாரி வருகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு முழு ஆறு காணாமல் போன இடத்தை எங்கள் கையிலும் தோளிலும் உணர்ந்து கடந்தோம்.

படுகையைத் தாண்டியதும் தச்சல் தால் மலையடிவாரம். பக்கத்திலேயே சோல்ஜர்ஸ் சம்மிட் என்ற மேடு. 1942 நவம்பர் 20ஆம் தேதி இந்தச் சாலையைத் திறந்துவைத்தது அங்கேதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் எட்டு மாதங்களில் வெட்டிய சாலை இது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின வீரர்கள். அவர்களுடைய பங்கைப் பல காலம் யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அங்கே வண்டியை நிறுத்தி, மேடேறிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ராத்திரி தங்க வேண்டியது ஏரிக்கரையில் உள்ள காங்டன் கிரீக் முகாமில். ஆனால் சஸ்பென்ஷனைச் சோதிக்காமல் விமர்சனம் எழுத முடியாது என்பதால், டிஸ்ட்ரக்‌ஷன் பே, பர்வாஷ் லேண்டிங் என்ற இரண்டு ஊர்களையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். அந்தப் பகுதியில் மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுவதும் உறைந்த நிலம் இருக்கிறது. சாலை வெட்டிய காலத்தில் புல்டோசர்கள் மேலே இருந்த பாசிப் படுக்கையை உரித்தபோதே அது உருகிச் சகதியாகி வண்டிகளை விழுங்கியிருக்கிறது. இன்றும் உருகுகிற இடத்தில் சாலை அமிழ்கிறது, மற்ற இடத்தில் மேடாக நிற்கிறது. தார் அலை அலையாகக் கிடக்கிறது, மோசமான இடங்களில் ஓரத்தில் சிறு கொடி நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கொடியை நான் கவனிக்கத் தவறினேன். முன்சக்கரம் இறங்கி ஏறிய பிறகு, பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் தனியாக ஒரு குதி குதித்தது. அலமாரிக் கதவு திறந்து எவர்சில்வர் தட்டுகள் தரையில் விழுந்தன. தாழ்ப்பாள் போட்டிருந்த கதவுதான், தாழ்ப்பாளே லேசு. அதன் பிறகு ஒவ்வொரு கைப்பிடியையும் துணியால் கட்டிவிட்டேன். இந்த நீளத்துக்குப் பின்பாகம் இவ்வளவு நீண்டிருப்பது இந்தச் சாலைக்கு ஒத்துவராது.

அன்றைய ஓட்டம் 363 கிலோமீட்டர், குடித்த பெட்ரோல் 98 லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு 27 லிட்டர். டாங்க் 208 லிட்டர் பிடிக்கும். ஜெனரேட்டரும் அதே டாங்கிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஆனால் அதன் குழாயைச் சற்று உயரத்தில் வைத்திருக்கிறார்கள், டாங்க் கால்வாசிக்கு வந்ததும் ஜெனரேட்டர் நின்றுவிடும். காட்டில் சோறு பொங்கி முடித்து, ஊர் திரும்பப் பெட்ரோல் இல்லாமல் போகக் கூடாது என்று யாரோ அக்கறையாக யோசித்த வடிவமைப்பு.

காங்டன் கிரீக்கில் கரண்ட் கிடையாது, குளியலறை கிடையாது. விறகு இலவசம். கோடைக் கடைசியில் அங்கே சோப்பெர்ரி பழுக்கும், அதைத் தின்னக் கரடிகள் வரும். கூடாரம் போடுபவர்களுக்கு மின்வேலிக்குள் தனி இடம். கெட்டிச் சுவர் உள்ள வண்டிகள் மட்டும்தான் வெளியே நிற்கலாம். எங்கள் சுவரும் மெல்லிய பலகைக்கு நடுவே ஃபோம் வைத்ததுதான். ஆனாலும் கதவைச் சாத்தியதும் வரும் நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, அதை இந்த வண்டி தருகிறது.

இங்கேதான் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எரிவாயுவில் ஓடுகிறது. வெளிப்பக்கத் துவாரத்தில் குனிந்து பார்த்தால், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு நீலச்சுடர் தெரியும். அந்தச் சுடர் அம்மோனியா கலந்த நீரைக் கொதிக்க வைக்கிறது. பிரிந்த அம்மோனியா மேலேறிக் குளிர்ந்து, உள்ளே ஆவியாகும்போது ஃப்ரிட்ஜின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. எல்லாம் தானாக வழிந்து ஓடுவதால் வண்டி சமமாக நின்றாக வேண்டும். சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைபட்டு, நாளடைவில் ஃப்ரிட்ஜே பாழாகும். அதனால் சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி, நான் பின்னால் நின்று கையசைக்க, அவர் அங்குலம் அங்குலமாக ஏற்றினார்.

"வாங்க, வாங்க... இன்னும் கொஞ்சம்... போதுங்க, நிறுத்துங்க!"

"குமிழி பாரு."

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. மூன்றாவது முயற்சியில். ஒருவர் மட்டும் தனியாக இந்த வண்டியைக் கட்டி ஆள்வது சிரமம்.

சமையலுக்கு மூன்று அடுப்பு, சுடர் நன்றாக எரிகிறது. ரசத்துக்குக் கடுகு தாளித்ததும் புகை அலாரம் அலறியது. மேலே இருக்கும் விசிறியைத் தாளிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், மூடியால் பாதி மூடித் தாளிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் பிடிக்கும், அது தீர்வதற்கு முன்பே பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி நிரம்பிவிடுகிறது. அரிசி களைந்த தண்ணீரிலேயே தட்டைக் கழுவினேன். ஊர் திரும்பி இறக்கும்போது கழிவறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், அடுத்துதான் பாத்திரம் கழுவிய நீரின் தொட்டியை. பின்னால் வரும் இந்த நீர்தான் குழாயை அலசிவிடும்.

ராத்திரி வெளியே இரண்டு டிகிரி. ஹீட்டரும் எரிவாயுவில்தான் எரிகிறது, எட்டே நிமிடத்தில் உள்ளே கதகதப்பு. ஆனால் சூட்டைத் தள்ளும் விசிறிக்கு பேட்டரி வேண்டும். சிலிண்டரில் முக்கால்வாசி இருந்தும், மூன்றரை மணிக்கு விசிறியின் சத்தம் தேய்ந்தது. பலகையில் 11.4 வோல்ட். பழைய ஈய அமில பேட்டரி, சுமையைத் தாங்கவில்லை. கூரை மேல் இவ்வளவு இடம் இருந்தும் ஒரு சோலார் தகடு இல்லை. ராத்திரியில் ஜெனரேட்டரைப் போட்டு அக்கம்பக்கத்தை எழுப்ப மனம் வரவில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு, இருந்த போர்வைகளையெல்லாம் போட்டுக்கொண்டு படுத்தோம். வடக்கே போகும் வாடகை வண்டியில் நல்ல பேட்டரி என்பது வசதி அல்ல, அவசியம். எடுக்கும்போதே பேட்டரியின் வயதைக் கேளுங்கள். ஹீட்டரை இரவு முழுக்க 15 டிகிரியில் வையுங்கள், 21 வேண்டாம்.

மீண்டும் போவேனா? போவேன், இரண்டு பேருக்கு 22 அடி வண்டியில். பின்பாகம் நீளாது, காற்றும் குறைவாகப் பிடிக்கும். இந்த 25 அடியைக் குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சொல்வேன், சோலாரும் லித்தியம் பேட்டரியும் இருந்தால் மட்டும்.

ஏழு மணிக்கு அவர் இன்ஜினைக் கிளப்பினார். பேட்டரி ஏற ஏற வோல்ட் பதின்மூன்றரைக்கு வந்தது, மறுபடி போட்ட ஹீட்டரின் விசிறி பழைய சத்தத்தைப் பிடித்தது. நான் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ராத்திரி ஈரத்தில் ஒரு கட்டை மண்ணுக்குள் அமிழ்ந்திருக்கிறது போல, குமிழி கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பால் சில்லென்றுதான் இருந்தது.