கோடை மீன்பிடியும் நினைவின் வர்க்கமும்: வைற், வூல்ஃப் ஆகியோரின் இளமை நினைவுகள் பற்றிச் சில குறிப்புகள்

இளமை நினைவுகளைப் பொருளாகக் கொண்ட உரைநடையாக்கங்கள் விமரிசனத்தின் கடுமையான பார்வைக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நாவலாசிரியனிடம் நாம் தயங்காது கேட்கும் கேள்விகளைத் தந்தையின் பின்னால் தூண்டிலோடு நடந்துபோகும் சிறுவனிடம் கேட்க மனம் ஒப்புவதில்லை. அந்நினைவுகளிலே வர்க்கமும் உழைப்பும் எங்கே வந்தன என்று வினவுவது, பண்பற்ற செயலாகவே தோன்றிவிடுகிறது. கோடை விடுமுறையிற் குடும்பத்தோடு சென்று மீன்பிடித்தமை பற்றிய நினைவு ஆங்கில இலக்கியத்திலே நன்கு வேரூன்றிய ஒரு பொருள். மானிடர் யாவர்க்கும் பொதுவான அனுபவம் என்ற பெயரில் அது பாடநூல்களிலும் தொகுப்புகளிலும் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. அப்பொதுமை எத்தகையது என்பதே இக்கட்டுரையின் வினா.

இரண்டு ஆக்கங்களை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. வைற் (1899 - 1985) 1941 ஒக்டோபரில் ஹார்ப்பர்ஸ் சஞ்சிகையில் வெளியிட்ட, ‘மீண்டுமொருமுறை ஏரிக்கு’ எனத் தமிழிற் கூறத்தக்க கட்டுரை. மற்றையது, வேர்ஜீனியா வூல்ஃப் 1939, 1940 ஆகிய ஆண்டுகளில் எழுதி, அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் 1976இல் அச்சேறிய, ‘கடந்தகாலத்தின் கோட்டுரு’ எனத்தக்க நினைவுக் குறிப்பு. ஒரே உலக யுத்தத்தின் நிழலில், ஒருவரையொருவர் சாராது, வாழ்வின் நடுப்பகுதியைத் தாண்டிக்கொண்டிருந்த இருவர் தத்தம் சிறுபராயக் கோடைகளுக்குத் திரும்பினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இருவரும் வசதிமிக்க மத்தியதர வர்க்கத்தின் பிள்ளைகள். இருவர் நினைவிலும் படகு, தந்தை, தூண்டில் ஆகியன உள்ளன. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

வைற்றின் கட்டுரை எளிய கட்டமைப்புடையது. 1904ஆம் ஆண்டளவில் அவருடைய தந்தை மேய்ன் மாநிலத்து ஏரியொன்றின் கரையில் ஓகஸ்ட் மாதம் முழுவதற்கும் ஒரு குடிலை வாடகைக்கு எடுக்கிறார். அதன்பின் கோடைதோறும் குடும்பம் அங்கு செல்கிறது. பல்லாண்டுகள் கழிந்த பின் வைற் தம் மகனை அழைத்துக்கொண்டு அதே ஏரிக்கு ஒரு வாரம் மீன்பிடிக்கப் போகிறார். முதல்நாட் காலையிலே தூண்டிற் கோலின் நுனியில் ஒரு தும்பி வந்து அமர்கிறது. அதைக் கண்ட கணத்தில், இடைப்பட்ட ஆண்டுகள் கழியவேயில்லை என்றும், மகனே தாம் என்றும், தாமே தம் தந்தை என்றும் அவருக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது. கட்டுரை முழுவதும் இம்மயக்கத்தின் விரிவே எனலாம்.

இம்மயக்கத்தின் அழகை மறுப்பதற்கில்லை. நம்மவருட் சிலர் இத்தகைய ஆக்கத்தை ‘முதலாளித்துவ ஏக்கம்’ என்று ஒரு சொற்றொடரால் முடித்துவிடுவர். அது விமரிசனமன்று. முத்திரை குத்தும் கந்தோர் வேலை. தும்பியை அவ்வளவு கூர்மையாக நோக்கிய கண் வேறெவற்றை நோக்கியது, நோக்கியும் எங்கே திரும்பிக்கொண்டது என்று கேட்பதே பயன்தரும்.

வைற் உண்மையில் நிறையவே நோக்கியிருக்கிறார். ஏரிக்கரைக் குடில்களிற் சில அயலிலுள்ள விவசாயிகளுக்கு உரியவை என்பதையும், விருந்தினர் கரையில் தங்கி விவசாயியின் வீட்டிற் பணங்கொடுத்து உணவருந்துவர் என்பதையும் அவரே சொல்கிறார். மண்ணை மட்டும் நம்பி வாழவியலாத வட அமெரிக்கச் சிறு விவசாயி, நகரத்து மனிதரின் ஓய்வைத் தன் இரண்டாம் விளைச்சலாகக் கொண்ட பொருளாதார வரலாறு முழுவதும் இவ்விரு வாக்கியங்களில் அடங்கியுள்ளது. அக்குடும்பத்துப் பெண்கள் கோடை முழுவதும் சமைக்கவும் பரிமாறவும் செய்தனர். உணவு பரிமாறும் நாட்டுப்புறப் பெண்பிள்ளைகள் அன்றிருந்தவாறே இன்றும் பதினைந்து வயதினராய் இருக்கின்றனர் என்று வைற் மகிழ்கிறார். இங்கேதான் கட்டுரையின் தர்க்கம் தன்னையறியாமற் பிளவுபடுகிறது. தந்தையும் மகனும் மாறாதிருப்பதாகத் தோன்றுவது மரபுரிமையால்: ஒருவருடைய இடத்தை மற்றவர் பெறுகிறார். பெண்பிள்ளைகள் மாறாதிருப்பதாகத் தோன்றுவதோ பதிலீட்டால். 1904இற் பரிமாறிய பதினைந்து வயதுப் பெண் 1941இல் ஐம்பதை அண்டியிருப்பாள். அவள் எங்கே என்று கட்டுரை கேட்பதில்லை. இன்னொருத்தி அவ்விடத்தில் நிற்பதே அதற்குப் போதுமானதாகிறது. கால அசைவின்மை என்ற அழகியல் விளைவு இந்த ஆள்மாற்றத்தின் மீதே நிற்கிறது.

இன்னுமோர் இடம் இதைவிடக் கூர்மையானது. கோடைகாலப் படகுகளையும் ஞாயிற்றுக்கிழமை விருந்துகளையும் நினைவுகூரும் பகுதியில், குடாவின் முனையிலுள்ள குடிலுக்குப் புதிதாக வந்தவர்கள் ‘நல்லவர்களா’ ‘சாதாரணமானவர்களா’ என்று யோசித்த வழக்கத்தையும் வைற் குறிப்பிடுகிறார். மேற்கோட்குறிகளை அவரே இடுகிறார். எனவே மெல்லிய எள்ளலும் உண்டு. ஆயினும் ஏரிக்கரை அமைதியினுள்ளே வர்க்கத் தராதரம் கோடைதோறும் பேணப்பட்டமைக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. அடுத்த வாக்கியத்திற்குள் அவர் சென்றுவிடுகிறார்.

மாற்றங்களை அவர் எவ்வாறு பதிவுசெய்கிறார் என்பதும் கவனத்துக்குரியது. பண்ணை வீட்டுக்குச் செல்லும் பாதையில் முன்பு மூன்று தடங்கள் இருந்தன: இரண்டு சில்லுகளுக்கு, நடுவிலே குதிரைக்கு. இப்போது நடுத்தடம் இல்லை. கடையிலே மொக்சி என்ற பழைய பானத்தின் இடத்தைப் பெரும்பாலும் கொக்கா-கோலா பிடித்துவிட்டது. புகையிரத நிலையத்திலிருந்து பெட்டிகளோடு பண்ணை வண்டியில் வந்திறங்கிய பரபரப்பு, மோட்டார் வாகனத்தில் வந்து மரத்தடியில் நிறுத்துவதோடு போய்விட்டது. பெரிய உடைமைகளின், பெரிய கம்பனிகளின் யுகம் ஒரு நாட்டுப்புறக் குளக்கரைக்கு வந்துசேர்ந்த வரலாறு இது. வைற் அதனைச் சத்தமாகவே கேட்கிறார்: புதிய வெளியிணைப்பு மோட்டார்கள் கொசுவைப் போல் இரைகின்றன என்பதே அவரது முறைப்பாடு. இறுதியில், இடிமழைக்குப் பின் ஈரமான நீச்சலுடையை அணியும் மகனைக் கண்டு தம் உடலில் மரணத்தின் குளிர்மையை உணர்வதோடு கட்டுரை முடிகிறது. அவ்வேரிக்குள் நுழைய அனுமதிக்கப்பட்ட ஒரே காலம் உடலின் காலமே. 1941இன் ஐரோப்பா அங்கில்லை.

வூல்ஃபின் கோடைகள் கோர்ண்வோலின் சென்ற் ஐவ்ஸ் நகருக்கு உரியவை. அவர் பிறந்த 1882 முதல் 1894 வரை, இலண்டனில் வாழ்ந்த ஸ்ரீபன் குடும்பம் ஆண்டுதோறும் ரலன்ட் ஹவுஸ் என்ற வீட்டிற் கோடையைக் கழித்தது. தந்தை லெஸ்லி ஸ்ரீபன் அவ்வீட்டின் குத்தகையைப் பெற்றது கிறேற் வெஸ்ரேண் புகையிரதக் கம்பனியிடமிருந்து. சென்ற் ஐவ்ஸ் வரையான கிளைப்பாதை 1877இலேயே திறக்கப்பட்டது. புகையிரதம் நகரத்து அறிவாளியைக் கடற்கரைக்குக் கொண்டுவந்த அதே காலத்தில், அக்கரையைப் பல தலைமுறையாகப் பேணிவந்த சாளையினத்துப் பில்ச்சாட் மீன்பிடி தளர்ந்துகொண்டிருந்தது. வலைகளும் பெருவள்ளங்களும் கம்பனிகளுக்குரியவை. மேட்டில் நின்று மீன்கூட்டத்தைக் கண்டு கூவி அறிவிப்பதற்கென ஆள் அமர்த்தப்பட்டிருந்தார். தாம் அங்கு வாழ்ந்த கோடைகளிலெல்லாம் வள்ளங்கள் காத்திருந்தனவேயன்றி மீன் வரவில்லை என வூல்ஃப் எழுதுகிறார். உடன்பிறந்தோருடன் 1905இல் மீண்டும் அங்கு தங்கியிருந்தபோதுதான் அக்காட்சியை அவர் கண்டார். ஒரு சிறுமியின் பொற்காலமும் ஓர் ஊரின் தொழில் நலிவும் ஒரே குடாவில், ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தன. வூல்ஃப் இத்தொடர்பைக் கோட்பாடாகச் சொல்பவரல்லர். ஆனால் காத்திருக்கும் வள்ளங்களை அவர் மறக்கவில்லை. வைற்றின் ஏரியில் இத்தகைய வள்ளமொன்றில்லை.

மீன்பிடி பற்றிய அவருடைய மையச் சம்பவம் சிறியது. கயிற்றை இழுக்கும்போது மீன் துடிப்பதை உணரும் வேட்கை சிறுமியான அவரை ஆட்கொண்டிருந்தது. தமையன் தோபிக்குப் படகைச் செலுத்தும் பொறுப்புத் தரப்படுகிறது. தந்தையின் முன் அதைப் பிழையின்றிச் செய்துகாட்ட வேண்டுமென்ற இறுக்கம் அவன் முகத்திலே தெரிகிறது. ஒருநாள் தந்தை, மீன் பிடிபடுவதைக் காண்பது தமக்கு விருப்பமில்லை, அடுத்த முறை தாம் வரப்போவதில்லை, ஆயினும் மகள் விரும்பினாற் போகலாம் என்கிறார். அது கண்டனமன்று, தடையுமன்று. வேட்கை மெல்ல அவிந்துவிட்டது. அதனைச் செவ்விய பாடமென வூல்ஃப் பாராட்டுகிறார்.

பாராட்டு நியாயமானதே, ஆயினும் நாம் அங்கே நின்றுவிடலாகாது. மீன்பிடிப்பதை விட்டுவிடும் சுதந்திரம் யாருக்குண்டு? மீனின் வேதனையைக் கருதித் தூண்டிலைக் கீழே வைக்கும் அறவுணர்வு அப்படகிலே பயணிகளுக்குக் கிட்டக்கூடியது. படகை உடையவனுக்கும் அவன் பையனுக்கும் அத்தகைய தெரிவு இல்லை. தந்தையின் ஆணைக்கு உட்படாத ஆணை என்று வூல்ஃப் வியப்பது, உண்மையில் அவ்வர்க்கத்துக் குடும்ப அதிகாரத்தின் மிக நயமான வடிவமாகும். மகனுக்குச் சுக்கானும் மகளுக்கு மனச்சாட்சியும் அங்கு பங்கிடப்பட்டன.

இதைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, ‘வெளிச்சவீட்டை நோக்கி’ எனத்தக்க நாவலில் (1927), வூல்ஃப் கற்பனையாக்கியிருந்தார். நினைவுக்குறிப்பிலும் பார்க்க நாவல் கூடுதலாக அறிந்திருக்கிறது என்பதே என் துணிபு. நாவலின் மூன்றாம் பகுதியிலே ராம்சே தம் மக்களான காம், ஜேம்ஸ் ஆகியோருடன் வெளிச்சவீட்டுக்குப் படகிற் செல்கிறார். சுக்கான் ஜேம்ஸிடம். முதிய மீனவர் மக்கலிஸ்ரரும் அவருடைய பையனும் உடன் செல்கின்றனர். அப்பையனுக்குப் பெயரில்லை, மக்கலிஸ்ரரின் பையன் என்பதே பெயர். கரையிலே லிலி பிறிஸ்கோ இறந்துபோன ராம்சே அம்மையாரை எண்ணிக் கதறும் அத்தியாயத்தை அடுத்து, அடைப்புக்குறிக்குள் இரண்டே வாக்கியங்களாலான ஓர் அத்தியாயம் வருகிறது. பையன் பிடித்த மீனின் விலாவிற் சதுரமாக ஒரு துண்டை வெட்டித் தூண்டிலுக்கு இரையாக்குகிறான். உயிருள்ள மிகுதியுடல் கடலில் வீசப்படுகிறது.

இவ்விடத்தை இயற்கையின் கொடூரத்துக்குக் குறியீடு என்றும், யுத்தம் பற்றிய மறைகுறிப்பு என்றும் விமரிசகர் கூறுவர். அவ்வாறு கொள்ள இடமுண்டு. ஆயினும் குறியீடாவதற்கு முன்னர் அது ஒரு தொழில் என்பது ஏன் எவர் கண்ணிலும் படவில்லை? இரை இல்லாதபோது பிடித்த மீனையே இரையாக்குவது கடலறிந்தவர் செய்வது. ஒருவனுடைய அன்றாடக் கைவேலை மற்றவர்களின் துயரத்துக்கு உருவகமாகிறது. உருவகத்தைத் தந்தவனுக்கு அப்படகிலே துயரமென்று ஒன்று வழங்கப்படவில்லை. அடைப்புக்குறி அதை ஒதுக்கவும் செய்கிறது, ஒதுக்கப்பட்டது என்று காட்டவும் செய்கிறது. வைற்றிடம் இல்லாத நேர்மை இது.

ஈழத்து வாசகனுக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். பருவம் தொடங்கியதும் கடற்கரைக்கு இடம்பெயர்தல் நமது வழக்கிலும் உண்டு. ஆனால் அது விடுமுறையன்று. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நெடுந்தீவுக்கு வந்து வாடியமைத்துத் தொழில்செய்யும் மீனவரைப் பற்றியது. அங்கே காற்றின் திசை சம்பாத்தியத்தின் திசை. வூல்ஃபின் கணவரான லெனாட் வூல்ஃப் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியிற் குடியேற்ற நிருவாகியாக இருந்தார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். (திருமணம் 1912இலேயே நிகழ்ந்தது.) வேர்ஜீனியா சென்ற் ஐவ்ஸிற் பில்ச்சாட் மீனைக் கண்டதற்கு அடுத்த ஆண்டு, லெனாட் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தார். சுழியோடிகள் அள்ளிவந்த சிப்பிகள் மூன்று பங்காக்கப்பட்டு இரண்டு பங்கு அரசாங்கத்தைச் சேர்ந்தது. இது தற்செயல் ஒற்றுமைதான்; அதைப் பெரிதுபடுத்தேன்.

ஒரு சொந்தக் குறிப்பு. இக்கட்டுரையாளன் வடமராட்சிக் கரையோரத்தவன். 1990களிலே எங்கள் கடலுக்கு நேரமும் தூரமும் அளந்து தரப்பட்டன; சில மாதங்களில் அதுவுமில்லை. பேரனார் வலையை முற்றத்தில் விரித்து, கிழிசல் பார்த்து, மீண்டும் மடித்துவைப்பார். அதுவே மீன்பிடித் தொழில் என்று நான் எண்ணியிருந்த காலமுண்டு. பின்னாளிற் பல்கலைக்கழகத்தில் வைற்றின் கட்டுரையை முதன்முதல் வாசித்தபோது, அந்தத் தும்பி என்னையும் மயக்கியது. என்னிடமில்லாத ஒரு நினைவுக்காக நான் ஏங்கினேன். பொதுமை என்று கூறப்படுவது இவ்வாறுதான் தொழிற்படுகிறது போலும்.

நாவலின் பயணத்துக்கு வருவோம். வெளிச்சவீட்டை அண்மிக்கையில் ராம்சே உணவுப் பொதியை அவிழ்த்து யாவருடனும் பகிர்கிறார். மீனவரோடிருந்து பாணும் பாற்கட்டியும் உண்பதில் அவர் இன்பங்காண்கிறார். குடிசையொன்றில் வாழ அவர் விரும்புகிறார் போலும் என்று ஜேம்ஸ் எண்ணுகிறான். பிறகு, நெடுங்காலம் ஏங்கிய பாராட்டு ஜேம்ஸுக்குக் கிடைக்கிறது. தந்தை பாறைமீது தாவுகிறார். பிள்ளைகள் பின்தொடர எழுகின்றனர். மக்கலிஸ்ரரின் பையன் படகிலேயே இருக்கிறான். அவன் அன்று பிடித்த மீன்களும் அங்கேதான் கிடக்கின்றன.