கடுகண்ணாவ ஏற்றமும் நான்குவழிச் சாலையும்

மோரிஸ் மைனரில் மலை ஏறியவர்களுக்கு இது பழகிய சங்கடம். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் சாலையில் கடுகண்ணாவ வளைவுகள், முன்னால் பாரம் ஏற்றிய லாரி. இரண்டாம் கியரில் எஞ்சின் திணறும். முதல் கியருக்கு இறங்கியே ஆக வேண்டும். மைனரின் நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கு மட்டும், பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ் கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் கரகரவென்று அரைபடும். கிளட்சை இருமுறை மிதித்துப் போடத் தெரிந்தவர் சமாளிப்பார். தெரியாதவர் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, மறுபடி புறப்பட வேண்டும்.

அம்பாசடரிலும் பழைய பெட்டியின் முதல் கியர் அப்படித்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதை ஓட்டுகிறவர் முதலில் சொல்லும் குறை அதுவாக இருப்பதில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்கு நான்குவழிச் சாலையில் போகிறார். எண்பதைத் தாண்டியதும் எஞ்சின் கத்தத் தொடங்குகிறது, பேச்சு கேட்பதில்லை. இன்னும் ஒரு கியர் இருந்திருக்கலாம் என்பார்.

இரண்டு பேரும் கடைசியில் செய்வது ஒரே வேலை. பழைய நான்கு கியர் பெட்டியை இறக்கிவிட்டு, முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் உள்ள ஐந்து கியர் பெட்டியை ஏற்றுகிறார்கள். இலங்கையில் அதை முதல் கியருக்காகச் செய்கிறார்கள், இந்தியாவில் ஐந்தாம் கியருக்காக. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் எந்தப் பெட்டி, எந்த எஞ்சினோடு என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும் என்று நம்புகிறேன். இதை யோசிக்காமல் கிடைத்த பெட்டியை மாட்டியவர்களின் வண்டிகளை இரு கரைகளிலும் பார்த்திருக்கிறேன்.

அடிப்படையில் இரண்டும் ஒரே குடும்பத்து வண்டிகள். 1948-இல் வந்த மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அதே மைனரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்றது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசை இந்தியாவில் லேண்ட்மாஸ்டர் ஆனது, மூன்றாம் வரிசை அம்பாசடர் ஆனது. பிரிவு அதற்குப் பிறகுதான். இந்தியா அம்பாசடரை 2014 வரை உத்தர்பாராவில் தயாரித்தது. இலங்கை தானாகத் தயாரிக்கவில்லை, வந்ததைக் காப்பாற்றியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் புது வாகனம் வருவது அரிதானபோது, ஐம்பதுகளின் மைனர்களும் ஆஸ்டின்களும் குடும்பத்தின் ஒரே வாகனமாக ஓடிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஆஸ்டின் ஏ 40 கார்களை ஒரு துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் மறுபடி வர 2025 ஆக வேண்டியிருந்தது. இத்தகைய நாட்டில் பழைய காரை மேம்படுத்துவதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நாளை காலை பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட வேண்டிய வண்டி அது.

பெட்டி எங்கிருந்து கிடைக்கிறது என்பதில்தான் இரண்டு நாடுகளின் வரலாறும் தெரிகிறது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் இலங்கைக்கு ஜப்பானிய வாகனங்கள் பெருகி வந்தன. கூடவே ரீகண்டிஷன் எஞ்சின்களும் கியர்பாக்ஸ்களும் வந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அவற்றைப் பார்க்கலாம். நிஸ்ஸானின் டாட்சன் சன்னி பி 310-இன் ஐந்து கியர் பெட்டி, டொயோட்டா கரோலா கே.இ. 70-இன் பெட்டி என்று பெயர் சொல்லியே கேட்பார்கள். எஞ்சினோடு சேர்த்தே வாங்குவது அங்கே வழக்கம். எஞ்சினும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பிறந்தவை என்பதால் நடுவில் எதையும் கடைய வேண்டியதில்லை. எஞ்சின் தாங்கிகளையும் பின் தாங்கியையும் புதிதாக வெல்டிங் செய்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பொருத்திக்கொண்டால் போதும். வேலை சுலபம், உதிரிப் பாகமும் மலிவு. ஆனால் அதன் பிறகு அது மைனரின் உடம்பில் ஓடும் சன்னி. எஞ்சின் நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கி எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏ வரிசை எஞ்சின், 948 சிசி ஆனாலும் 1098 சிசி ஆனாலும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

ஆஸ்டின் ஏ 40-இல் நிஸ்ஸான் பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல்: ஐம்பதுகளில் உரிமம் பெற்று ஜப்பானில் ஆஸ்டின் ஏ 40 சோமர்செட்டைத் தயாரித்தது நிஸ்ஸான்தான். நவீன கார் செய்யும் கையை அந்த நிறுவனம் பழக்கிக்கொண்டதில் அந்த ஆஸ்டினுக்குப் பங்குண்டு. அந்த வகையில் யாழ்ப்பாணத்து ஏ 40-க்கு நிஸ்ஸான் பெட்டி முழு அந்நியமல்ல.

இந்தியாவில் பெட்டி பெரும்பாலும் உள்நாட்டுத் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் கம்பெனியே கொடுத்தது. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து தரைக்கு இறங்கியது. கான்டெஸாவுக்கும் அதே இசுஸு கிடைத்தது. பிரீமியர் பத்மினி கார் வைத்திருந்தவர்களுக்கு அதே நிறுவனத்தின் 118 என்.இ. கைகொடுத்தது; அதிலிருந்தது 1171 சிசி நிஸ்ஸான் ஏ 12 எஞ்சின். பஞ்சிகாவத்தையில் சன்னியின் பெயரில் விற்கும் அதே எஞ்சின் குடும்பம் மும்பையில் ஃபியட் 124 உடம்புக்குள் போயிருந்தது! சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய இரும்புக்கு வரும் வண்டிகளிலிருந்து இந்தப் பெட்டிகளைத் தேடி எடுக்கிறார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். வீட்டு முற்றத்தில் செய்ய மைனரைப் போல் இடம் கொடுக்கும் கார் குறைவு. கியர் பெட்டிக்கு மேலே உள்ள தகட்டு மூடி திருகாணிகளால்தான் பிடித்திருக்கிறது. கம்பளத்தை விலக்கித் திருகாணிகளைக் கழற்றினால் பெட்டி உள்ளிருந்தே தெரியும். கீழே அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் போல்ட்டில் நிற்பது. கியர் கம்பி ஏற்கெனவே தரையில்தான். அம்பாசடர் அப்படியல்ல. ஸ்டியரிங் கியரிலிருந்து தரைக் கியருக்கு மாற வேண்டுமென்றால் தரையைத் திறக்க வேண்டும். பழைய இணைப்புக் கம்பிகளை எல்லாம் அகற்ற வேண்டும். அதனால்தான் இலங்கையில் இந்த வேலை வீட்டு வளவிலேயே மாமரக் கிளையில் செயின் பிளாக் தொங்கவிட்டு நடக்கிறது. தமிழ்நாட்டில் பாதி வீட்டிலும் பாதி பட்டறையிலுமாக நடக்கிறது. (கிளையை நம்ப வேண்டாம், இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, நான்கு ஸ்டாண்ட் வேண்டும்.)

எஞ்சினை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றும்போது எல்லாமே ஒரு தகட்டில் நிற்கிறது. எஞ்சினின் பின்முகத்துக்கு ஒரு துளை வரிசை, புதுப் பெட்டியின் பெல் ஹவுசிங்குக்கு வேறொரு துளை வரிசை. இரண்டையும் சேர்க்கும் அடாப்டர் தகடு. துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய ஆபத்து. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் பெட்டியின் உள் தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது முள்ளின் ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் இருப்பது நல்லது. கூடினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டரில் கிராங்க் முனையிலுள்ள பைலட் புஷ் தேயும், பிறகு முன் பேரிங் சத்தம் போடும். கடைசியில் பழி பெட்டியின் மேல் விழும்.

இந்த இடத்தில் இந்தியப் பக்கத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். கோவையில் பம்புக்கும் மோட்டாருக்கும் கடைந்து கை பழகிய லேத்காரர்களிடம் தகட்டின் நடுத்துளையை எத்தனை நுட்பமாகக் கேட்டாலும் கடைந்து தருவார்கள். பைலட் புஷ்ஷை வெண்கலத்தில் அளவு பார்த்துச் செய்து தருவார்கள். பழைய தண்டில் ஏறும் புது புஷ் எத்தனை இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை விரலாலேயே அறிகிறவர்கள் அவர்கள். இலங்கையிலும் நல்ல லேத்காரர்கள் உண்டு. மைனரின் உடல் தகடுகளை அடித்துச் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பிய நாடு அது. சார்ல்ஸ் வேர் என்ற மைனர் பிரியர் தொடங்கிவைத்த முயற்சி. ஆனால் முழு எஞ்சினும் மலிவாகக் கிடைப்பதால் தகடு கடையும் பொறுமைக்கு அங்கே தேவை குறைந்துவிட்டது.

கிளட்ச் தட்டில் ஒரு கலப்பு வேண்டும்: விட்டம் பழைய பிரஷர் பிளேட்டுக்கு, நடுப் பற்கள் புதுப் பெட்டியின் தண்டுக்கு. பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். அதை வெட்டி வெல்டிங் செய்தபின் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் அறுபதில் தரை அதிரும். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ்களும் ஒரே கோணத்தில் ஒத்து நிற்கும்படி பெட்டியின் பின் தாங்கியை உயர்த்தியோ தாழ்த்தியோ வைக்க வேண்டும். வேன் பெட்டிகளை எடுக்கும்போது கியர் கம்பி எங்கே வெளிவருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பல வேன்களில் அது நீண்ட இணைப்புக் கம்பிகளால் இயங்குவது, காருக்கு உதவாது. ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும்.

எண்ணெயைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. மைனரின் பழைய பெட்டிக்கு எஞ்சின் ஆயில்தான். ஐந்து கியர் பெட்டிக்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய் வேண்டும். கடையில் ‘கியர் ஆயில்’ என்று கேட்டால் பெரும்பாலும் பின் ஆக்சிலுக்கான ஜி.எல். 5 வகையைக் கொடுத்துவிடுவார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடியவை. கேட்டு வாங்க வேண்டியது ஜி.எல். 4.

இனி கணக்கு. 1098 சிசி மைனரில் பின் ஆக்சில் விகிதம் 4.22. நான்காம் கியரில் 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,100 சுற்று சுற்றும். ஐந்தாம் கியர் விகிதம் 0.85 என்று வைத்தால் அது 2,650 ஆகக் குறையும். நல்ல நிம்மதி. ஆனால் இலங்கையில் சாதாரணச் சாலையின் உச்ச வரம்பே 70 கி.மீ. அறுபதில் ஐந்தாம் கியரைப் போட்டால் எஞ்சின் 2,000 சுற்றுக்கு வந்துவிடும். இந்த எஞ்சினின் இழுவை உச்சம் 2,500-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. சிறு மேடு வந்தாலும் நான்குக்கு இறங்க வேண்டும். 2022-இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லிட்டர் என்று பெட்ரோல் அளந்து கிடைத்தபோது, ஐந்தாம் கியர் மிச்சம் பிடிக்கும் என்று பலர் நம்பினார்கள். கொழும்பு நெரிசலிலும் 50 கி.மீ. ஊர்ச் சாலையிலும் ஐந்தாம் கியர் போடவே வாய்ப்பில்லாதபோது மிச்சம் எங்கிருந்து வரும்? அந்தப் பெட்டியின் உண்மையான பயன் கடுகண்ணாவயில்தான், ஓட்டத்திலேயே முதல் கியருக்கு இறங்க முடிவதில்தான். தெற்கு அதிவேகப் பாதையில் காலிக்கு அடிக்கடி போகிறவருக்கு மட்டும் ஐந்தாம் கியரும் முழுப் பயன் தரும்.

இந்தியாவில் நான்குவழிச் சாலைகள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகின்றன. மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும் அம்பாசடருக்கு ஐந்தாம் கியர் எஞ்சின் தேய்மானத்தையும் ஓட்டுநரின் தலைவலியையும் சேர்த்தே குறைக்கிறது. ஆனால் டிரம் பிரேக் அப்படியேதான் இருக்கும். நூறில் ஓடச் சுகமாகிவிட்ட வண்டி நூறிலிருந்து நிற்கப் பழைய தூரமே எடுக்கும். பெட்டிக்குச் செலவு செய்கிறவர் பிரேக்குக்கும் எடுத்துவைக்க வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. சான்றில் எஞ்சின் எண் இருக்கிறது, கியர் எண்ணிக்கை இல்லை. அதனால் பெட்டியை மட்டும் மாற்றுகிறவரும் எஞ்சினையே மாற்றுகிறவரும் ஒரே நிலையில் இல்லை, பின்னவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி பெற வேண்டும். 2021-இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசையில் பழம்பெரும் வாகனப் பதிவு கிடைக்கும். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அம்பாசடரில் கியர் கம்பிக்காகத் தரையை வெட்டுவது பாடி ஷெல்லைத் தொடும் வேலை. 1975-ஐ ஒட்டிய மார்க் 3 வைத்திருப்பவர் கிரைண்டரைக் கையில் எடுக்குமுன் அந்தப் பதிவு தமக்கு வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

மைனர்காரருக்கு இந்தச் சிக்கல் குறைவு. மூடித் தகடு தனியாகக் கழன்று வருவதால், அசலை எடுத்துவைத்துவிட்டு இன்னொரு பழைய மூடியை வாங்கி அதை வெட்டி அகலப்படுத்தலாம். இறக்கிய நான்கு கியர் பெட்டியில் எண்ணெயை நிரப்பி, திறப்புகளை அடைத்து, குறுக்குச் சட்டத்தையும் பழைய ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.